பஸ் காசு வீண்போகவில்லை

“கலைப் பிரிவா? படித்து என்ன ஆகப் போகிறாள்?”

1992-இல் நான் சுங்கைப் பட்டாணியில் ஆறாம் படிவம் சேர்ந்தபோது லயத்தில் எழுந்த கேள்வி இது. வரலாறு, பொருளாதாரம், தமிழ், கூடவே எஸ்.டி.பி.எம். பொதுப்பாடம். அரசாங்கம், சட்டம், நாட்டு நடப்பு எல்லாம் அதில் வரும். என் வயதுப் பெண்கள் தொழிற்சாலைச் சம்பளத்தில் வீட்டுக்குத் தொலைக்காட்சி வாங்கினார்கள். நானோ பஸ் காசுக்கு அம்மாவிடம் கை நீட்டினேன். அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மறு ஆண்டு தோட்டம் கைமாறியது. வாங்கியவர் ஆட்களை எடுத்துக்கொள்ளவில்லை. 18 ஆண்டுகள் பால் மரம் சீவிய அம்மாவுக்கு, ஆண்டுக்கு 10 நாள் சம்பளம் என்று தாளில் எழுதியிருந்தது. கிராணி கைநாட்டு வைக்கச் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா” என்றேன்.

எந்தச் சட்டத்துக்கும் அச்சிட்ட விதி உண்டு என்று பொதுப்பாடத்தில் படித்திருந்தேன். ஆசிரியர் உதவியோடு 1980-ஆம் ஆண்டுப் பணிநீக்க நஷ்டஈட்டு விதிகளைத் தேடிப் பிடித்தேன். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வேலைக்குத்தான் 10 நாள். ஐந்து ஆண்டைத் தாண்டினால், ஆண்டுக்கு 20 நாள். அம்மாவுக்குச் சேர வேண்டியது 360 நாள் சம்பளம்! தொழிற்சங்கத்தாரிடம் காட்டினோம். கணக்கு திருத்தப்பட்டது, லயத்தில் பலருக்கும்.

2001 முதல் நம் நாட்டுச் சமூகக் கல்லூரிகள் கைத்தொழில் கற்றுத் தருகின்றன. பிள்ளைகள் அதையும் கற்கட்டும். ஆனால், நீட்டிய தாளைப் படித்து, “இது சரியா?” என்று கேட்கும் படிப்பும் வேண்டும். பெற்றோர்களே, கலைப் பிரிவு என்றதும் உதட்டைப் பிதுக்காதீர்கள்.