‘ரொம்ப சுலபம்’ என்று சொன்னவள்

“ரொம்ப சுலபம்தான் நேயர்களே! ஒரு தொட்டி, ஒரு பம்ப், பத்துப் பதினைந்து மீன், கொஞ்சம் கீரை விதை. அவ்வளவுதான்!”

காலை நிகழ்ச்சியில் இப்படிச் சொன்னது நான்தான். அன்றைய விருந்தினர் அக்குவாபோனிக்ஸ் முறையில் வீட்டிலேயே மீனும் கீரையும் வளர்ப்பவர். பேட்டிக்கு எட்டு நிமிடம். “முதல் ஒன்றரை மாதம்தான்...” என்று அவர் ஏதோ சொல்லத் தொடங்கியபோது செய்தி நேரம் நெருங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே இடைமறித்து, மேலே உள்ள வாக்கியத்தைச் சொல்லி முடித்துவைத்தேன். வானொலியில் நேரத்தைக் காப்பாற்றுவதும் ஒரு திறமை என்று பெருமையாகத்தான் இருந்தது.

சொன்ன வாய்க்கு ஆசையும் வந்தது. கிள்ளானில் எங்கள் தரை வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் இடம் போக, கொஞ்சம் காலி இடம் உண்டு. உணவுப் பொருள் வந்த 200 லிட்டர் நீல டிரம் இரண்டு வாங்கினேன். ரசாயனம் வந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. ஒன்றின் மூடிப் பக்கத்தை வெட்டி மீன்தொட்டியாக்கினேன். இன்னொன்றை நீளவாக்கில் பிளந்து, பாதியைக் கீரைப் பாத்தியாக்கினேன். அதைத் தொட்டிக்கு மேலே தூக்கி நிறுத்த அப்பா இரும்புச் சட்டத்தில் தாங்கி செய்து கொடுத்தார். பாத்தி நிறைய மண்ணுக்குப் பதிலாகச் சுட்ட களிமண் உருண்டைகள்.

இதன் தத்துவம் அழகானது. மீன் தின்கிறது, கழிக்கிறது. அதிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அந்தத் தண்ணீரைப் பம்ப் பாத்திக்கு ஏற்றுகிறது. களிமண் உருண்டைகளில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் செடிக்குச் சாப்பாடு. செடி அதை எடுத்துக்கொள்ள, சுத்தமான தண்ணீர் மீண்டும் மீனுக்கு வருகிறது.

என்னைப் படுத்தி எடுத்தது பெல் சைஃபன். பாத்தியின் நடுவில் ஒரு சிறிய குழாய் நிற்கும். அதன் மேல் மூடிபோட்ட பெரிய குழாயைக் கவிழ்க்க வேண்டும். தண்ணீர் சிறிய குழாயின் உயரத்தைத் தாண்டியதும் உறிஞ்சும் விசை பிறந்து, பாத்தி மளமளவென்று வடியும். அடியில் காற்றுப் புகுந்ததும் உறிஞ்சல் நின்று, பாத்தி மறுபடி நிறையும். வேருக்குத் தண்ணீரும் காற்றும் மாறி மாறிக் கிடைக்க இந்த ஏற்பாடு. என் சைஃபனோ உறிஞ்சவும் இல்லை, நிற்கவும் இல்லை. நாள் முழுக்க ஒழுகிக்கொண்டே இருந்தது. ஹார்ட்வேர் கடைக்கு நாலு முறை ஓடினேன். கடைசியில் பம்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதும் ‘கடகட’வென்று அது இழுத்த சத்தம் இருக்கிறதே, நான் ஒலிபரப்பிய எந்தப் பாட்டையும்விட இனிமையாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மூன்றாம் நாளே மீன் வாங்கப் போனேன். சிவப்புத் திலாப்பியாக் குஞ்சுகள், 20. மீன் கடைத் தவுக்கே “தண்ணீர் எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். “மூன்று நாள்” என்றேன். தலையை ஆட்டி, “சாபார் லா” என்றார். எனக்கா பொறுமை? வாங்கிக்கொண்டு வந்து, அவை பாய்ந்து வந்து தின்னும் அழகைப் பார்ப்பதற்காகவே வேளைக்கு ஒரு கை தீனி போட்டேன்.

ஆறாம் நாள். காலை நிகழ்ச்சிக்காக நாலரை மணிக்கு எழுந்தவள் டார்ச் விளக்கோடு பின்பக்கம் போனேன். ஏழு மீன்கள் மிதந்தன. மற்றவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. செத்ததை அள்ளிப் புதைக்கக்கூட நேரமில்லை. வாளியில் போட்டு மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். சாயங்காலம் வந்தபோது வாளிக்கு இன்னும் ஐந்து சேர்ந்தன.

அன்று காலை நடந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. தொலைபேசியில் ஒரு பெரியவர் வந்தார். “தங்கச்சி, அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் நானும் பேரனும் தொட்டி கட்டினோம். மீனெல்லாம் செத்துப்போச்சும்மா. பேரன் அழுவுறான். என்ன தப்பு பண்ணோம்?”

என் வீட்டு வாளியில் ஏழு மீன்கள் கிடந்தன. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அச்சச்சோ ஐயா, கவலைப்படாதீங்க, மறுபடி முயற்சி பண்ணுங்க, பேரனுக்காக இந்தப் பாட்டு” என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன். பாட்டு ஓடிய நாலரை நிமிடமும் ஒலிவாங்கியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றிரவு அந்தப் பேட்டியின் பதிவைப் போட்டுக் கேட்டேன். “முதல் ஒன்றரை மாதம்தான்...” அவர் சொல்ல வந்ததும், நான் வெட்டியதும் அங்கேதான் இருந்தது. மறுநாள் அவரை அழைத்தேன். “முதல் ஒன்றரை மாதம்தான் கஷ்டம், மீன் விடாமல் காத்திருக்கணும்னு சொல்ல வந்தேன்” என்றார், கோபமே இல்லாமல்.

மிஞ்சிய எட்டு மீன்களையும் தவுக்கேயிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் சிறிய அளவிலான அக்குவாபோனிக்ஸ் பற்றி 2014இல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் என் தவறுகளுக்கு எண்ணிக்கை கிடைத்தது.

புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்தது மூன்று நாள். 1,000 லிட்டருக்கு 20 கிலோ மீனே உச்சம். என் தொட்டிக்கு அரைக் கிலோ மீனாக எட்டுதான் தாங்கும். நான் விட்டது 20. ஒரு சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி போதும். என் பாத்தி அரைச் சதுர மீட்டர்தான். அதோடு குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனுக்கும் ஆகாது, அந்த பாக்டீரியாவுக்கும் ஆகாது. ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால் போய்விடும். டிங்கிக் கொசு முட்டையிடாமல் மேலே வலை கட்டவேண்டும்.

இந்த முறை மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட்டேன். சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து, சுவர் நாட்காட்டியில் எண்களைக் குறித்தேன். முதலில் அம்மோனியா ஏறியது. இரண்டாம் வாரத்தில் அது இறங்க, நைட்ரைட் ஏறியது. இதுவும் ஆபத்துதான். மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். “காலித் தொட்டிக்கு இவ்வளவு சேவையா?” என்று அம்மா கேலி செய்தார். 38ஆம் நாள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாதவர்கள் குடிவந்துவிட்டார்கள்.

எட்டே எட்டு மீன் வாங்கினேன். தவுக்கே இந்த முறை நாள் கணக்குக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டவில்லை.

அதற்கு முன் இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது. ஒரு காலை, செய்திக்கு முன்பிருந்த இரண்டு நிமிடத்தில் ஒலிவாங்கியில் சொன்னேன்: “அக்குவாபோனிக்ஸ் ரொம்ப சுலபம்னு நான் சொன்னது தப்பு. விருந்தினர் சொல்ல வந்த முக்கியமான விஷயத்தை வெட்டினது நான். என் தொட்டியிலும் பன்னிரண்டு மீன் செத்தது. பெரியவர் ஒருவர் கேட்டப்போ அதை மறைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க ஐயா.” பிறகு அந்த ஆறு வாரக் கதையை அவசரமில்லாமல் சொன்னேன். செய்தி இருபது வினாடி தாமதமானது. அதற்கு மேலிடத்தில் திட்டும் வாங்கினேன்.

அரை மணி நேரத்தில் அவரே அழைத்தார். “பரவாயில்ல தங்கச்சி. உங்க தொட்டியும் அப்படித்தான்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, பேரன் அழுகையை நிறுத்தியிருப்பான்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

இப்போது என் பாத்தியில் இரண்டாம் முறையாகக் கங்கோங் வெட்டியாகிவிட்டது. புதுத் தளிர் மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு என்று கண்டுகொள்ளத் தெரிகிறது. மீன் தீனியில் அந்தச் சத்து போதாது, தனியாகச் சேர்க்கவேண்டும். மீன்கள் உள்ளங்கை அளவு வளர்ந்திருக்கின்றன. பெரியவரும் பேரனும் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பையன் நாட்காட்டியில் எண் எழுதுகிறானாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தாத்தாவின் கைப்பேசியிலிருந்து எனக்கொரு குரல்பதிவு வரும்: “அக்கா, இன்னிக்கு நைட்ரைட் இன்னும் குறையல. மீன் வாங்கலாமா?”

“இன்னும் கொஞ்சம் பொறுடா தம்பி” என்று பதில் அனுப்புகிறேன்.