கடன் யாருடையது?

அமெரிக்காவில் முதியோர் குடியிருப்பு ஒன்றை விரிவாக்க நகர மன்றம் கடன் பத்திரம் வெளியிடப் போகிறது என்றதும், "வசதியுள்ளவர்களுக்கு நம் வரிப்பணமா?" என்று யாராவது மைக்கைப் பிடித்துவிடுவார்கள். கோபம் புரிகிறது. ஆனால் பெரும்பாலும் நகரம் தன் கஜானாவிலிருந்து எதுவும் தருவதில்லை. கடன் வாங்குவதும் அடைப்பதும் லாப நோக்கற்ற அந்த நிறுவனம்தான். நகரத்தின் பெயரில் பத்திரம் வருவதால், முதலீட்டாளருக்கு வட்டி மீது மத்திய வருமான வரி கிடையாது. எனவே குறைந்த வட்டியில் பணம் கிடைக்கிறது. இப்படிப் பத்திரம் வெளியிட, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 1982 மத்திய வரிச் சட்டப்படி கட்டாயம். (நம்மவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.)

கேட்க வேண்டியவை வேறு. ஒரு நகரத்தின் பத்திரங்கள் வருடத்துக்கு 1 கோடி டாலரைத் தாண்டாதவரை, அவற்றை வாங்கும் வங்கிகளுக்குத் தனி வரிச்சலுகை உண்டு. அந்த வரம்பைக் குடியிருப்பே தின்றுவிட்டால், அதே வருடம் ஊரின் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் கடனுக்கு வட்டி ஏறக்கூடும்.

இன்னொன்று, முன்பணம். இத்தகைய இடங்கள் பலவற்றில், வீட்டை விற்று அதைக் கட்டித்தான் பெரியவர்கள் நுழைகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் போர்ட் வாஷிங்டனில் இருந்த ஹார்பர்சைட் என்ற முதியோர் குடியிருப்பு 2014, 2021, 2023 என மூன்று முறை திவால் மனு போட்டது. பத்திரக்காரர்களுக்குச் சொத்து அடமானம் இருக்கும். முதியவர்களின் முன்பணத்துக்குப் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால் போங்கள். நிறுவனம் நொடித்தால் முன்பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள்.