சீல்ல தேதி நேத்துது

காலை பத்தேகால். தாலுகா அலுவலகப் புளியமரத்தடியில், நெருக்கிக் கிடந்த பைக்குகளுக்கு நடுவே தன் வண்டியையும் செருகிவிட்டு இறங்கினார் அந்த இளைஞர். வயது இருபத்துநான்கு. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ. முதுகுப் பைக்குள் ஸ்க்ரூ டிரைவர் செட், சுவருக்கு வண்ணம் பூசுகிற இரண்டங்குல பிரஷ், கேபிள் முனை கடிக்கிற கிரிம்பிங் டூல், உதிரியாக ஒரு மவுஸ். ஒப்பந்தத்தில் வேலை என்பதால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. ஆனாலும் அவர் உள்ளே கால் வைத்ததும் நான்கு மேசைகளிலிருந்து ஒரே குரலாக வந்தது: "தம்பி, முதல்ல இங்க வாங்க!"

அன்று முழுவதும் அவர் பின்னாலேயே சுற்றினேன்.

ஜூன் மாதம். கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள் வராந்தா முழுக்க நின்றார்கள். வருமானச் சான்றிதழ் வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், கடைசியில் மண்டலத் துணை வட்டாட்சியரின் திரைக்கு வரும். அவர் ஒப்புதல் கொடுத்து டிஜிட்டல் கையொப்பம் இட்டால்தான் வேலை முடியும். அன்று காலை மனுக்கள் அந்தக் கடைசிப் படியில்தான் சிக்கிக் கிடந்தன.

"சைட்டே ஓப்பன் ஆகலை தம்பி. சர்வர் டவுன் போல."

தம்பி கீபோர்டைத் தொடவில்லை. திரையின் வலது கீழ் மூலையை மட்டும் குனிந்து பார்த்தார். அங்கே 2017 ஜனவரி 1 என்று இருந்தது.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு சார். உங்க சிஸ்டம்தான் பழைய வருஷத்துல நிக்குது."

இந்த மாதிரி அரசு இணையதளம் தன்னை நிரூபிக்க ஒரு மின் சான்றிதழ் வைத்திருக்கிறது. அதற்குத் தொடக்க நாளும் உண்டு, முடிவு நாளும் உண்டு. 2017-இல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். நம்பமாட்டேன் என்று கதவைச் சாத்திவிடுகிறது. வராந்தாவில் சான்றிதழுக்காக ஜனங்கள் நிற்க, உள்ளே கணினியும் சான்றிதழ் தகராறில்தான் நின்றது.

தேதியை மாற்றியதும் தளம் திறந்தது. ஆனால் அவர் கிளம்பவில்லை. "இப்படியே விட்டுட்டுப் போனா நாளைக்குக் காலைல இதே போன் வரும்" என்று சிபியுவைக் கழற்றினார். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, மதர்போர்டிலிருந்து நாணயம் போன்ற ஒரு பேட்டரியை நெம்பி எடுத்தார். சி.ஆர். 2032. பெயருக்குள்ளேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரம் ஓடுவது இதன் தயவில். இரவுக் காவலர் தீ விபத்துக்குப் பயந்து தினமும் சாயங்காலம் மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேட்டரி செத்துவிட்டதால், சுவிட்ச் இறங்கியதும் தேதியும் போய்விடுகிறது.

பையிலிருந்து புது பேட்டரி எடுத்துப் போட்டார். சொந்தக் காசில் ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறாராம். "இதுக்கு ஃபைல் போட்டு வாங்கினா ஜூன் முடிஞ்சிடும் சார்" என்றார் என்னிடம், மெதுவாக.

அடுத்தது டோக்கன். துணை வட்டாட்சியரின் கையொப்பம் அந்த பென் டிரைவ் மாதிரியான பொருளுக்குள்தான் இருக்கிறது. முன்பக்கப் பொருத்தில் அது தெரியவில்லை. பின்பக்கம் மாற்றிச் செருகியதும் கடவு எண் கேட்டது.

"நம்பர் சொல்றேன், நீங்களே போட்டுடுங்க தம்பி."

தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நீங்க போடுங்க சார்."

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி டிஜிட்டல் கையொப்பமும் பேனாக் கையெழுத்தும் ஒன்றுதான். வெளியே வந்ததும் சொன்னார்: "அந்த நம்பர் என் காதுல விழுந்துட்டா, நாளைக்கு எந்தச் சர்டிபிகேட்ல வில்லங்கம் வந்தாலும் என்னையும் கூப்பிடுவாங்க."

மதியத்துக்கு முன் ஒரு தட்டச்சர் அக்கா பிடித்துக்கொண்டார். பழைய கடிதம் ஒன்றைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் கொட்டிக் கிடந்தது. வானவில் எழுத்துருவில் அடித்தது. 2010-இல் ஒருங்குறியை மாநில அரசு ஏற்றுக்கொண்டாலும், அதற்கு முன்னும் பின்னும் இப்படிப் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் பீரோக்களில் மட்டுமல்ல, ஹார்டு டிஸ்குகளிலும் இருக்கின்றன. மாற்றிக் கொடுத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்: "சர்வே நம்பரை மட்டும் காகிதத்தோட ஒத்துப் பாத்துடுங்க அக்கா. எழுத்து தப்பினா படிச்சுப் புரிஞ்சுக்கலாம், நம்பர் தப்பினா நிலமே மாறிடும்."

மூன்று மணிக்கு ஸ்வான் இணைப்பு நின்றது. மாநில அரசு அலுவலகங்களைக் கோக்கும் வலையமைப்பு அது. பதிவறையில், துணி கட்டிய பழைய பதிவேடுகளுக்குப் பக்கத்திலேயே ரூட்டர். கேபிளைப் பிடுங்கிச் செருகினார், விளக்குகளைப் பார்த்தார். "நம்ம பக்கம் சரியா இருக்கு. லைன்ல கோளாறு" என்று மேலே புகார் பதிந்தார். அதற்குமேல் அவருக்கு அதிகாரம் இல்லை. வராந்தாக் கூட்டத்துக்கு அது தெரியாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறவர் அவர் என்பதால் அவரைத்தான் முறைத்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து இணைப்பு தானாக வந்தபோது, அவர்தான் சரிசெய்தார் என்று ஒரு பெரியவர் கும்பிட்டார். அவர் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை.

சாயங்காலம் பணி முடிந்ததற்கான தாளை நீட்டினார். பழுது என்ற கட்டத்தில் 'தேதி மாறியிருந்தது, சரி செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். துணை வட்டாட்சியர் பச்சை மசிப் பேனாவால் கையெழுத்திட, உதவியாளர் ரப்பர் சீலை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார்.

தம்பி தாளை வாங்கி ஒரு நொடி பார்த்தார். திருப்பி நீட்டினார்.

"சார், சீல்ல தேதி நேத்துது."