யானையும் அதன் வீடும்

உங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் போட்டோ ஏதாவது மாட்டியிருக்கிறதா? இருந்தால் ஒரு நிமிஷம் அதன் முன் நின்று பாருங்கள். தாத்தாவின் மீசை இருக்கட்டும். அவருக்குப் பின்னால் தெரியும் திண்ணைத் தூணையும், ஓரத்தில் எட்டிப் பார்க்கும் துளசி மாடத்தையும் கவனியுங்கள். அந்த வீடு இன்று கைமாறியிருக்கலாம், இடிந்தும் போயிருக்கலாம். ஆனால், 'நாங்கள் இப்படி ஒரு வீட்டில் வாழ்ந்தோம்' என்று அந்தப் போட்டோ இன்னும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. முகத்தை மட்டும் எடுத்திருந்தால் இந்தச் சாட்சியம் கிடைத்திருக்குமா?

காட்டு விலங்குகளைப் படம் எடுப்பதிலும் இதே சங்கதிதான். இப்போதெல்லாம் நீண்ட லென்ஸைப் பூட்டிக்கொண்டு, புலியின் மீசை மயிரை எண்ணிவிடலாம் போல எடுக்கிறார்கள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புலி காட்டில் நிற்கிறதா, மிருகக்காட்சிச் சாலையில் நிற்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. விலங்கும் அது வாழும் இடமும் சேர்ந்து விழுந்த படம் வேறு ரகம்.

"அதைக் கலரில் எடுத்தால் என்ன அக்கா? கறுப்பு வெள்ளை எதற்கு?" என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. வாசல் கோலத்தைக் காட்டினேன். ஈரத் தரை, வெள்ளை மாவு, அவ்வளவுதான்! கண், கோட்டின் மேலும் போகிறது, கோட்டுக்கு நடுவே விட்ட இடத்தின் மேலும் போகிறது. கலர்ப் படத்திலோ பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் 'என்னைப் பார்' என்று கூப்பிடும். நிறத்தை எடுத்துவிட்டால் யானை, மரம், மேகம் எல்லாம் ஒரே குடும்பத்து மனிதர்கள் மாதிரி ஒரே சாயலில் வந்து நிற்கும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பசும்புல்லும் புள்ளிமானின் செம்பழுப்பு உடலும் நம் கண்ணுக்கு வேறு வேறு. கறுப்பு வெள்ளையில் பல சமயம் இரண்டும் ஒரே சாம்பலாகி, மான் புல்லோடு புல்லாகக் கரைந்துவிடும். இதற்குக் கைகண்ட மருந்து வெளிச்சம். காலையிலோ மாலையிலோ, சூரியன் மானுக்குப் பின்னால் வருமாறு நின்று எடுத்தால், அதன் உடலைச் சுற்றி வெள்ளி ஜரிகை வைத்தாற்போல் ஒரு கோடு விழும். பனிமூட்டம் இருந்தால் இன்னும் விசேஷம்: பின்னாலுள்ள மரங்கள் வெளுத்து, முன்னால் நிற்கும் விலங்கு கறுத்துத் தெரியும். பிலிமில் எடுப்பவர்கள் லென்ஸின் மேல் வர்ணக் கண்ணாடி போடுவார்கள். பச்சைக் கண்ணாடி இலையை வெளுக்க வைத்துப் பழுப்பைக் கறுக்க வைக்கும். சிவப்புக் கண்ணாடி நீல ஆகாயத்தைக் கறுக்க வைத்து, வெண்மேகத்தைத் தூக்கிக் காட்டும். டிஜிட்டல் காமிராக்காரர்கள் கலரில் எடுத்துவிட்டு, இதே வேலையைப் பிறகு கம்ப்யூட்டரில் செய்துகொள்கிறார்கள்.

பத்திரிகை வேலையாக ஒரு முறை தேக்கடிக்குப் போயிருந்தேன். 1895-ல் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி முடித்தபோது காடு மூழ்கி உண்டான ஏரி அது. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் நீருக்கு மேல் கறுத்து நிற்கின்றன. படகில் போகும்போது கரையில் நாலைந்து யானைகள், நடுவில் ஒரு குட்டி. பக்கத்திலிருந்த அம்மாள் செல்போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, யானை எறும்பு மாதிரி விழுந்திருக்கு!" என்று குறைப்பட்டுக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். மேலே மலை, கீழே நீர், பட்ட மரங்களுக்கு அப்பால் கறுப்புப் புள்ளிகளாய் யானைகள். எனக்கென்னவோ அதுதான் சரியான படம் என்று பட்டது. யானைக்கு எத்தனை பெரிய வீடு வேண்டும் என்பதை அந்த எறும்பு யானை சொல்லிவிட்டதே!

மா. கிருஷ்ணன் (1912-1996) என்று சென்னையில் ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் வாழ்நாளின் கடைசிவரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று செல்லப் பெயர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்தார். அவர் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. நம் காட்டு விலங்குகளைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, நம் மண்ணின் மரம் செடிகளையும் காப்பாற்ற வேண்டும். வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நடக்கூடாது என்று ஓயாமல் வாதாடினார். குடியிருப்பவரையும் வீட்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் நிக் பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் பல படங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். தூரத்து லென்ஸ் வேண்டாமென்று விலங்குகளின் அருகிலேயே போய், ஆகாயத்தையும் வெட்டவெளியையும் சேர்த்து எடுத்தார். 2007-ல் கென்யாவின் அம்போசெலியில், நீர் குடிக்கும் ஓர் ஆண் யானையைப் படம் பிடித்தார். அதற்கு ஈகோர் என்று பெயர். 2009-ல் தந்தத்துக்காக அதைக் கொன்றுவிட்டார்கள். மறு வருஷமே, 2010-ல், ரிச்சர்ட் பான்ஹாம் என்பவரோடு சேர்ந்து 'பிக் லைஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார் பிராண்ட். அந்த அமைப்பின் காவலர்கள் அந்த வட்டாரத்தில் ரோந்து சுற்றுகிறார்கள். படம் எடுத்தவர் காவலுக்கும் ஆள் தேடவேண்டி வந்தது, பாருங்கள்!

அடுத்த முறை குழந்தைகளோடு முதுமலைக்கோ தேக்கடிக்கோ போனால், கிட்டத்தில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? பிறகு, விலங்கு ஒரு மூலையில் சின்னதாக இருக்க, அது பார்க்கிற திசையில் நிறைய இடம் விட்டு ஒரு படம் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நிறத்தை நீக்கிப் பாருங்கள். குழந்தைகளிடம் காட்டி, "யானை எங்கே?" என்று கேளுங்கள். அவர்கள் தேடட்டும். தேடுகிற சாக்கில் காடு முழுவதையும் பார்த்துவிடுவார்கள்.