சும்மா கிடந்த சங்கு

தம்பியோட கிராபிக்ஸ் கார்டைக் கழட்டித் தூசு தட்டி, புது தெர்மல் பேஸ்ட் தடவி மாட்டினேன் மக்களே. ரெண்டே நிமிஷத்துல விசிறி அலறி, திரை கறுப்பு! சராசரி 70 டிகிரி, ஹாட்ஸ்பாட் மட்டும் 105.

"நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூண்ணா..."

"பழைய கார்டுடா, அப்படித்தான்" என்று சமாளித்தேன்.

ராத்திரி திரும்பக் கழட்டினால், பேஸ்ட் ஒரு ஓரத்தில் நசுங்கவே இல்லை. அப்பத்தான் உறைச்சது. மெமரி சிப் மேல 1 மில்லிமீட்டர் பேடுக்குப் பதிலா 1.5 ஒட்டியிருக்கேன். அந்த அரை மில்லிமீட்டர் ஹீட்சிங்க்கையே தூக்கி நிறுத்திடுச்சு! நல்லவேளை, பழைய பேடு கிழியலை. அதையே ஒட்டி, ஸ்க்ரூவை மூலைக்கு மூலை மாத்தி மாத்தி முடுக்கினேன். ஹாட்ஸ்பாட் 82.

காலையில "தெய்வம்ணா நீ" என்றான். அவன்கிட்ட இன்னும் உண்மையைச் சொல்லலை. இதைப் படிப்பான். மன்னிச்சுக்கடா.