மத்தியானத்தோடு நிறுத்திய தண்ணீர்

கல்லிடைக்குறிச்சி,
கரிநாள் காலை.

பிரியமுள்ள சிநேகிதிக்கு,

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வீட்டு வாசலை மிதித்தேன். அதற்குள் பானை பொங்கி, அம்மாவும் சித்தியும் குலவை போட்டு, சாமி கும்பிட்டு, எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவியாகிவிட்டது. கோலத்துக்கு நடுவே பொங்கல் கட்டி மூன்றும் கரியேறிக் கிடந்தன. பக்கத்தில் பாதி எரிந்த பனையோலை. எனக்கென்று எடுத்துவைத்திருந்த பொங்கல் இறுகிப்போயிருந்தது. பொங்கல் அன்றைக்கு நான் வீட்டில் இல்லாமல் பானை பொங்கியது இதுதான் முதல் தடவை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆனால் உனக்கு இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. பஸ்ஸில் நடந்த ஒன்றுக்காக. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ரயிலில் வரத்தான் நினைத்தேன். முன்பெல்லாம் நாலு மாதத்துக்கு முன்னால் டிக்கெட் போடுவோமே, 2024 நவம்பரிலிருந்து அது அறுபது நாளாகிவிட்டது. நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பெயரையும் வயதையும் அடித்து முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டியிருந்தது. தனியார் பஸ்ஸில் படுக்கைக்குக் கேட்ட விலை வழக்கத்தைப்போல மூன்று மடங்கு. போகி அன்றைக்கு எனக்கு ஆபீஸ் உண்டு. அதனால் போகி ராத்திரி ஏழரை மணி சிறப்புப் பேருந்தில்தான் இடம் பிடிக்க முடிந்தது.

நீ ஊரைவிட்டுப் போகும்போது தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் கோயம்பேட்டிலிருந்துதானே புறப்படும்? 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்தார்கள். அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஆறரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். பண்டிகைக் கூட்டத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் குக்கர் பெட்டி, தோளில் தூங்குகிற பிள்ளை, கையில் புதுத்துணிப் பை. ஏழரை மணி வண்டி ஒன்பதே முக்காலுக்கு வந்தது.

வந்தது மூன்றும் இரண்டுமாக ஐந்து பேர் உட்காரும் வண்டி. சாய்கிற இருக்கை கிடையாது. முன்சீட்டுக் கம்பி முழங்காலில் இடித்தது. எனக்கு மூன்றுபேர் சீட்டில் நடு இடம். ஜன்னலோரம் ஒரு ஆச்சி, இந்தப்பக்கம் காலேஜில் படிக்கிற பிள்ளை ஒருத்தி. நடைபாதையில் பேப்பரை விரித்து நாலைந்து பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி முழுதாக மூடாது. மார்கழிக் கடைசிக் காற்று இடைவெளி வழியாக வந்து காதில் இறங்கியது. இதெல்லாம் நமக்குப் பழகியதுதான். அறுநூறு கிலோமீட்டரையும் உட்கார்ந்தே கடந்தவர்கள்தானே நாம்.

கூடுவாஞ்சேரியிலிருந்தே வண்டி ஊர்ந்தது. மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர் சுங்கச்சாவடி. செங்கல்பட்டைத் தாண்டவே பதினொன்றரை ஆகிவிட்டது. நெரிசலில் நின்ற இடத்தில் ஒரு பையன் ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டு வந்தான். அப்போதுதான் கவனித்தேன், வாங்கியவர்கள் அத்தனைபேரும் ஆண்கள். பஸ்ஸில் பாதிக்குமேல் பெண்கள். ஒருத்திகூடக் கை நீட்டவில்லை. நானும்தான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆபீஸில் அரை டம்ளர் குடித்தது, அதோடு சரி.

இந்தப் பழக்கம் நமக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அம்மா சொல்லிக் கொடுத்தது. முதல்முதலாக மெட்ராஸுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு, புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, “மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்காதட்டி” என்றாள். அம்மாவுக்கு அவள் மாமியார் சொன்னதாம், கல்யாணமான புதிதில் மெட்ராஸ் போனபோது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற பாடம்.

அந்தத் தீபாவளி உனக்கு மறந்திருக்காது. இப்படித்தான் குடிக்காமல், போகாமல், அடக்கிக்கொண்டு வந்தாய். ஊரில் இறங்கும்போதே குளிர்காய்ச்சல். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டிய காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீர்ப்பாதைத் தொற்று என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர் குடிக்கணும், அடக்கக்கூடாது என்று அவர் சொன்னபோது நீ என்னைப் பார்த்தாயே ஒரு பார்வை. வலியில் இருந்த உன்னால் பேச முடியவில்லை. நான் பேசியிருக்கலாம். “சரி டாக்டர்” என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த ஆச்சிக்கு எழுபது வயதிருக்கும். சேரன்மகாதேவிக்காரர். மகள் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். மடியில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் மாத்திரை டப்பா. ராத்திரிச் சர்க்கரை மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். நான் என் பாட்டிலை நீட்டினேன். மூடியில் ஊற்றி, நாக்கு நனைகிற அளவுக்கு மட்டும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் குடிங்க ஆச்சி.”

“வேண்டாம் தாயி. குடிச்சா எங்க போவ?”

விழுப்புரம் தாண்டி ஒன்றரை மணிக்குச் சாலையோர ஓட்டல் ஒன்றில் நிறுத்தினார்கள். பதினைந்து நிமிஷம் என்றார் கண்டக்டர். எட்டுப் பத்து பஸ் ஏற்கெனவே நின்றிருந்தன. ஆண்கள் இருட்டில் ஆளுக்கொரு மூலையாகப் போய்விட்டு வந்து டீ குடித்தார்கள். பெண்களுக்குக் கொல்லைப்பக்கம் ஒரு கழிப்பறை, தலைக்குப் பத்து ரூபாய். விளக்கு எரியவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒருத்தி இருக்கும்போது வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு முன்னால் இருபது பேருக்குக் குறையாது. வரிசை பாதிகூட நகரவில்லை, எங்கள் வண்டியின் ஹாரன் கேட்டது. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கிறதே, அது எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். பத்து ரூபாயைக் கொடுத்தவர்களும் பாதியில் திரும்பி வந்தார்கள்.

அதற்குமேல் எனக்குத் தூக்கம் இல்லை. ஆச்சிக்கும் இல்லை. உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் எல்லாம் இருட்டில் பெயர்ப்பலகைகளாகப் போயின. திருச்சியைச் சுற்றிக்கொண்டு வண்டி மதுரை ரோட்டில் ஏறியபோது ஆச்சி முன்கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உடம்பு ஒரு தடவை அதிர்ந்தது.

“என்ன ஆச்சி, முடியலையா?”

வெகுநேரம் பதில் இல்லை. பிறகு என் காதருகில் வந்து, “சக்கரக்காரி தாயி நான். அடக்க முடியல. சீலைய நனைச்சிருவேனோன்னு பயமாயிருக்கு” என்றார்.

எழுபது வயதில், நாலு பிள்ளை பெற்ற ஒரு மனுஷி, அதைச் சொல்வதற்கு அப்படிக் கூசினார். டிரைவரிடம் சொல்கிறேன் என்று எழுந்தேன். “வேண்டாம், வேண்டாம், எல்லாரும் பாப்பாவ” என்று என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். எனக்கும் உள்ளுக்குள் அதே கூச்சம்தான். ஐம்பதுபேர் இருக்கிற வண்டியில் நடந்துபோய், முகம் தெரியாத ஆணிடம், ஒன்றுக்குப் போகணும் நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். பத்து வருஷமாக இந்த ரோட்டில் போய்வருகிறேன், ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. நீ கேட்டதில்லை. உன் காய்ச்சலுக்குப் பிறகும் நாம் கேட்கவில்லை.

தூங்குகிற பையன்களைத் தாண்டித் தாண்டி முன்னால் போனேன். “அண்ணே, ஒரு வயசான அம்மாவுக்கு முடியல. வெளிச்சமா, பாத்ரூம் இருக்கிற இடமாப் பாத்து நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கியே வந்தது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும், கண் சிவந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன்.

“முன்னாலயே சொல்லக்கூடாதாம்மா?” என்றார்.

விராலிமலை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பினார். கழிப்பறை பூட்டியிருந்தது. அவரே இறங்கிப்போய், தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பி, சாவியை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். சுத்தமான இடம். குழாயில் தண்ணீர் வந்தது. விளக்கும் எரிந்தது.

ஆச்சியைக் கூட்டிக்கொண்டு நான் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் பின்னால் அந்தக் காலேஜ் பிள்ளை. அவளுக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரி. அப்புறம் இன்னொருத்தி, இன்னொருத்தி. எண்ணினேன், பதினான்கு பேர். அதுவரை அசையாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம். தூங்கியிருக்கவில்லை, சிநேகிதி. எல்லாரும் என்னைப்போல அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது ஒருத்தி கேட்கமாட்டாளா என்று எட்டு மணிநேரமாகப் பதினான்கு பேர் காத்திருந்திருக்கிறோம்.

ஆச்சி வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவினார். என் பாட்டிலை வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி ஏறும்போது டிரைவர் சொன்னார்: “ஆம்பளையாளுவ நெனச்ச எடத்துல நிறுத்தச் சொல்லுதாவ. பொம்பளையாளுவ யாரும் வந்து கேக்கவே மாட்டேங்காவ. கேட்டாத்தானம்மா எங்களுக்குத் தெரியும்?”

நல்ல மனுஷர். பண்டிகைக்கு வீட்டில் இருக்கக் கொடுத்துவைக்காமல் எங்களை ஓட்டிக்கொண்டு வருகிறவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தப் பேச்சு மதுரை வரைக்கும் மனசில் குடைந்தது. ஏன் கேட்க வேண்டும்? டிக்கெட்டில் ஏறுகிற இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, சீட் நம்பர் இருக்கிறது. எங்கே நிறுத்துவார்கள், அங்கே பெண்களுக்கு விளக்கும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை உண்டா என்று ஒரு வரி ஏன் இல்லை? மூன்று மணிநேரத்துக்கு ஒரு முறை அப்படிப்பட்ட இடத்தில் நிற்கும், எல்லாரும் ஏறிய பிறகுதான் எடுக்கும் என்று இருந்தால், ஆச்சி தன் மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கியிருப்பார். இடம் இல்லாமல் இல்லை. விராலிமலைப் பக்கம் இருந்ததே. பூட்டு, சாவி, அதை வாங்கிக்கொடுக்க ஒரு ஆள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

டில்லி ரயில் மியூசியத்தில் ஒரு கடிதம் வைத்திருக்கிறார்கள், படித்திருப்பாய். 1909-ல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளத்துப் பயணி ரயில்வே அலுவலகத்துக்கு எழுதியது. வயிற்று உபாதைக்காக ஸ்டேஷனில் இறங்கியவர் திரும்புவதற்குள் கார்டு விசில் ஊதி வண்டியை எடுத்துவிட்டார். ஓடிவந்து பிளாட்பாரத்தில் விழுந்து, ஆண்கள் பெண்கள் எல்லார் முன்னிலையிலும் அவமானப்பட்டார். சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததே அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் என்று சொல்வார்கள். அவருடைய இங்கிலீஷைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இப்போது அவர்மேல் பெரிய மரியாதை. தன் கூச்சத்தைத் தாண்டி உட்கார்ந்து எழுதினாரே. நானும் போக்குவரத்துத் துறை அமைச்சருக்கு ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். முடித்ததும் உனக்கு அனுப்புகிறேன், திருத்திக் கொடு. உன் தீபாவளிக் காய்ச்சலையும் அதில் எழுதட்டுமா? பெயர் போடமாட்டேன்.

மறுபடி பஸ்ஸுக்கு வருகிறேன். துவரங்குறிச்சிப் பக்கம் வெளுத்தது. ரோட்டோரத்து வீடு ஒன்றின் வாசலில் புகை எழும்பிக்கொண்டிருந்தது, சுற்றிப் பிள்ளைகள், ஈரத்தலையோடு ஒரு பெண் ஓலையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பஸ் கடந்துவிட்டது. ஆச்சி அந்தப்பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு, “நம்ம பொங்கல் இங்கனயே ஆயிட்டு” என்றார். கிளம்பும்போது ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் கொடுத்தார். தின்றுவிட்டு எல்லாரும் தண்ணீர் குடித்தோம்.

திருநெல்வேலி வரும்போது மணி பத்தே கால். பாபநாசம் பஸ்ஸில் ஏறி ஆச்சியைச் சேரன்மகாதேவியில் இறக்கிவிட்டேன். மகன் வந்து நின்றிருந்தார். இறங்கியவர் ஜன்னல் பக்கம் வந்து என் கையைத் தொட்டு, “நீ கேட்டியே தாயி” என்றார்.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் ஒருதடவ நனைச்சிருக்கேன். ஒங்கப்பாட்டகூட சொன்னதில்ல” என்றாள். எந்த ஊர், எப்போது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்புகிறேன். ஏறினவுடனே டிரைவரிடம் போய், பெண்கள் இறங்குகிற மாதிரி எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டுவிடுவேன், விராலிமலை வரைக்கும் காத்திருக்கமாட்டேன். அம்மா பரணிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

உன்,
பழைய ரூம்மேட்