யார் கொடுத்த கூலி?

பள்ளி நூல்நிலையத்தின் மூலையிலே, எவர் கையும் படாத அலமாரியிலே, தூசி படிந்து கிடந்த தடித்த நூல்கள் ஏழினை எடுத்துவந்து மேசைமீது அடுக்கினோம். சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி! ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், கைத்தறி நெய்பவரின் மகன், ஒரு தொகுதியைத் தூக்கிப் பார்த்தான், கனத்தது. புரட்டிப் பார்த்தான், எழுத்து பொடிப்பொடியாய் இருந்தது. பிறகு கேட்டான்: “இதை எழுத எத்தனை வருசம் ஆச்சு ஐயா? அத்தனை வருசமும் அவங்களுக்கு யாரு கூலி கொடுத்தது?”

சொல்லுக்குப் பொருள் கேட்பான், தொகுத்தவர் பெயர் கேட்பான் என்று எதிர்பார்த்தோம். அவனோ கூலியைக் கேட்டான். நெசவாளி வீட்டுப் பிள்ளையல்லவா! நூலுக்கும் சோற்றுக்கும் வழியின்றித் தறி ஓடாது என்பதை அவனுக்குப் பாடப்புத்தகமா சொல்லித் தரவேண்டும்?

விடை கூறினோம். 1913-இல் தொடங்கிய பணி அது. ஒரு லட்சம் ரூபாய் போதும் என்று கணக்கிட்டே தொடங்கினர். ஆறு தொகுதிகள் முடிந்தபோது ஆண்டு 1936; செலவோ நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1939-இல் பின்னிணைப்புத் தொகுதி வேறு. இடையிலே கணக்கர் ஒருவர் குறுக்கிட்டு, “போட்ட பணத்துக்குக் கிடைத்த ஆதாயம் என்ன?” என்று பேரேட்டை மூடியிருந்தால், தமிழ் ‘க’கரத்தோடு நின்றிருக்கும்! அந்த அகராதியில் வடசொல்லுக்குத் தாராளம், தமிழ்ச் சொல்லுக்குக் கஞ்சத்தனம் என்று தேவநேயப் பாவாணர் போன்றோர் கடிந்ததும் உண்டு. உண்மைதான். 1974-இல் தமிழ்நாட்டரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அமைத்து, அவரையே இயக்குநராக்கிற்று. ஒரு நூலின் குறை களைய இன்னொரு நூல் வேண்டியிருந்தது. அதற்கும் பொருள் வேண்டியிருந்தது.

அதே பல்கலைக்கழகம் வேறொரு துறையிலே செய்த செலவையும் அவனுக்குச் சொன்னோம். 1952-இல், துணைவேந்தராயிருந்த மருத்துவர் லட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறையை ஜி.என். இராமச்சந்திரன் எனும் முப்பது வயது இளைஞரிடம் ஒப்படைத்தார். எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் அமைக்கப் பொருளும் தந்தார். இளைஞர் எடுத்துக்கொண்டது, தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு. அருகிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. வாலுக்கா வரிப்பணம் என்று கேலி பேச எவ்வளவு எளிது! 1954, 1955 ஆண்டுகளில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் ‘நேச்சர்’ இதழிலே விடை வெளியிட்டனர்: மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது அந்த அமைப்பு. இந்த முப்புரி சாதி பார்ப்பதில்லை. எல்லார் உடலிலும் இருக்கிறது! 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வகுத்த வரைபடத்தை வைத்தே இன்றும் உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்கின்றனர்.

சொன்னோம், சொன்னபின் நம் உள்ளம் உறுத்தியது. கல்லூரியிலே நமக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியரின் முகம் கண்முன் வந்தது.

அவர் நெசவாளரின் சொற்களைத் திரட்டியவர். விழுது என்றால் ஆலமரத்தையே நினைக்கும் நமக்கு, தறியிலே பாவு நூலை ஏற்றி இறக்கும் கண்ணிகளுக்கும் அதுவே பெயர் என்று காட்டியவர். ஊர் ஊராய்ச் செல்லப் பேருந்துக் கட்டணம், ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, உதவிக்கு ஒரு மாணவர். அவ்வளவே அவர் கேட்டது. 2019-இல் விண்ணப்பம் திரும்பி வந்தது. “இவ்வாய்வால் தொழில்துறைக்கு விளையும் பயன் யாது?” என்ற கட்டத்திலே அவர் எழுதிய விடை போதவில்லையாம். சுற்றி நின்ற நாம் கொதித்தோம். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் பாடம் நடத்தினார். பிறகும் சொற்களைத் திரட்டினார், தம் சம்பளத்திலே.

2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை எல்லாத் துறைக்கும் நிதி தரும் என்று ஏட்டிலே எழுதிற்று. 2023-இல் வந்த சட்டமோ, மொழி, வரலாறு, சமுதாயம் பற்றிய துறைகளுக்கு, அறிவியலும் தொழில்நுட்பமும் வந்து தொடும் எல்லையிலே மட்டும் இடம் தந்தது. பந்தி உள்ளே, இவர்களுக்குத் திண்ணை! ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றனர்; அதிலும் பெரும்பங்கு அரசுக் கருவூலத்திலிருந்தன்று, தொழில் நிறுவனங்கள் போன்ற பிற இடங்களிலிருந்து வரவேண்டும் என்றனர். ஆலை முதலாளி விழுதுக்கு வேர்ச்சொல் தேடப் பணம் தருவாரா? கங்காரு வாலுக்குத்தான் தந்திருப்பாரா?

அறிவியலுக்குத் தருவதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. பகுத்தறிவு பேசும் நாமா அதைச் சொல்வோம்? 2020-21-இல் இந்நாடு எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிட்டதே மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காடு. இந்தக் கைப்பிடிச் சோற்றுக்கா அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் அடித்துக்கொள்வது? பானை சிறிது என்று சொல்ல இருவரும் சேர்ந்தல்லவா எழவேண்டும்!

சென்ற மாதம் அந்த மாணவனைப் பேராசிரியரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். ஓய்வு பெற்றுவிட்டார். தகரப் பெட்டி நிறையக் குறிப்பேடுகள். சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது. ஒன்றை எடுத்து அவர் படிக்க, பையன் இடைமறித்தான்: “எங்க அப்பா இதை வேற மாதிரி சொல்லுவாரு ஐயா.”

“எப்படி? மறுபடி சொல்லு தம்பி” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதுகோலைத் தேடினார் அவர். நம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.